ஊர் ஸ்டேஷனில் பிழைத்தவன்

9-4-1929, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கிள்ளான் பக்கம் தந்திக் கம்பி இரண்டு தடவை அறுந்தது. பதினொரு மணிக்கு மேல்தான் ஆபீஸ் மேசையில் தந்திச் சாவி சரியாகப் பேசிற்று. நனைந்துகொண்டே பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வள்ளியம்மா மீரான் பாய் கடையில் வாங்கிய காய்ந்த மிளகாயை முறத்தில் கொட்டிவிட்டு, மடித்திருந்த காகிதத்தை என்னிடம் நீட்டினாள். எழுத்து உள்ள எந்தக் காகிதத்தையும் ஒரு தடவை பார்க்காமல் நான் அடுப்பில் போட விடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். சிங்கப்பூர் இங்கிலீஷ் பேப்பர். இரண்டு வாரப் பழசு.

மெசபடோமியாவில் ஊர் என்ற பட்டணத்தைத் தோண்டுகிறவர்கள், வெகு ஆழத்தில் எட்டடிக் கனத்துக்குச் சுத்தமான வண்டலைக் கண்டிருக்கிறார்களாம். அதற்குக் கீழேயும் சட்டி பானை ஓடுகள். கிறிஸ்தவ வேதத்தில் வரும் பெருவெள்ளம் இதுதானோ என்று எழுதியிருக்கிறது. ஆபிரகாம் புறப்பட்டுப் போன பட்டணமும் அதுவே என்கிறது.

ஈர உடுப்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"யாராச்சும் தவறிட்டாங்களா?" என்றாள்.

"இல்ல. நா... நான் வேல பார்த்த இடம்."

"அந்தப் பாலைவனமா," என்று மிளகாயைப் புடைக்கப் போய்விட்டாள்.

10-4-1929

அந்த இடத்தை விட்டு வந்து பத்து வருஷமாகிறது. யுத்த காலத்தில் நாகப்பட்டணம் ஸ்டேஷனில் தந்திச் சிக்னலராக இருந்தவனை இரட்டைச் சம்பளம் என்று சொல்லிப் பஸ்ராவுக்குக் கப்பலேற்றினார்கள். வள்ளியம்மா வேண்டாம் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். இப்போது மன்னார்குடியில் பாட்டி வீட்டில் படிக்கிற பையன் அப்போது கைக்குழந்தை. கேட்காமல் போனேன். ஊர் என்று பலகை மாட்டிய ஒரு தகரக் கொட்டகையில் பதினெட்டு மாதம் தந்தி அடித்தேன். ஜன்னலுக்கு நேரே, ஒன்றரை மைல் தூரத்தில், அந்த மேடு. மரமில்லாத தரையில் தனியாக எழுந்து நிற்கும். சாயங்கால வெயில் பட்டால் சிவக்கும்.

இன்று மீரான் பாய் கடையில் பேப்பரைக் காட்டினேன்.

"எந்த ஊரு?" என்றார்.

"ஊர்."

"ஊருதான், எந்த ஊரு?"

"ஊ... ஊர்ங்கிறதுதான் அந்த ஊரோட பேரு, பாய்."

கல்லாவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு, ஆபிரகாம் என்று பேப்பரில் இருப்பது இப்ராஹிம் நபியைத்தான் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு கையாலும் அந்தக் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மிளகாய் நெடி ஏறித் தும்மினார்.

13-4-1929, சனி

வருஷப் பிறப்பு. மாசிலாமணியும் மீரான் பாயும் சாப்பிட வந்தார்கள். மாசிலாமணி பக்கத்து லைன் வீட்டுக்காரன், சரக்கு ரயில் கார்டு, திருநெல்வேலிக் கிறிஸ்தவன். ஏழு வருஷமாக எந்தப் பண்டிகைக்கும் நாங்கள் மூன்று பேரும் ஒரே பாயில்தான். வேப்பம்பூப் பச்சடியை மட்டும் மீரான் பாய் மருந்து மாதிரி விழுங்குவார்.

பேச்சு முழுக்க அந்த மேட்டைப் பற்றித்தான். ஒவ்வொரு செங்கலிலும் ஒரு ராஜாவின் பெயர் முத்திரை குத்தியிருக்கும் என்றேன். மூன்று பக்கமிருந்தும் படிக்கட்டு ஏறி ஒரே வாசலில் சேரும். உச்சியில் சந்திரனுக்குக் கோயில் இருந்ததாம்.

"சந்திரனுக்கா?" என்றார் மீரான் பாய். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. "எங்க வேதத்துல ஒண்ணு வருது அண்ணே. இப்ராஹிம் நபி வானத்தப் பாக்குறாங்க. நட்சத்திரம் மறையுது. சந்திரன் வருது, அதுவும் மறையுது. சூரியனும் மறையுது. மறையுறது எதுவும் ஆண்டவனா இருக்க முடியாதுன்னு சொல்றாங்க. சின்ன வயசுலேர்ந்து கேக்குறேன். எதுக்குச் சந்திரன்னு யோசிச்சதே இல்ல. சந்திரனக் கும்புட்ட பட்டணத்துல பொறந்தவங்க வேற எதச் சொல்வாங்க."

மாசிலாமணி இலையை மூடினான். பிறகு, "அண்ணாச்சி, நீங்க அத நேர்ல பாத்திருக்கீய. எங்க உபதேசியாருக்குக்கூடக் கெடைக்காத பாக்கியம்," என்றான்.

எனக்கு இப்படி இரண்டு பேர் வாய்த்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது?

17-4-1929

வாசகசாலைக் காரியதரிசி சபாபதி வந்தார். மாசிலாமணி சொன்னானாம். மே பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் 'ஊர் நகரம்' பற்றிப் பிரசங்கம் செய்ய வேண்டுமாம்.

எனக்குத் திக்குவாய் என்று பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தெரியும். சம்பளத்துக்கு விரலால் பேசுகிறவனைக் கூட்டத்தில் வாயால் பேசச் சொன்னால்?

"நீங்க எழுதிக் குடுங்க. மாசிலாமணி வாசிக்கட்டும், அவருக்குக் கோயில்ல வேதம் வாசிச்சுப் பழக்கம். நீங்க சும்மா பக்கத்துல உக்காந்திருங்க," என்றார். ஒப்புக்கொண்டேன்.

போகும்போது வாசலில் நின்று கேட்டார்: "ஊர்ங்கிறது தமிழ் வார்த்தைதானே?"

"சத்தம் ஒண்ணுதான். யூதருங்க தகப்பன 'அப்பா'ங்கிறதும் அப்படித்தான். அ... அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அப்போது அவர் முகத்தில் வந்த பூரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

21-4-1929, ஞாயிறு

எழுத உட்கார்ந்தால் செங்கலும் படிக்கட்டும் வரவில்லை. எஸ்ரா வருகிறார். இத்தனை வருஷம் இவரைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை. இந்த நோட்டில்கூட எழுதியதில்லை.

1918 அக்டோபர் கடைசி. விஷக் காய்ச்சல் லைன் முழுக்கப் பரவியது. எங்கள் ஸ்டேஷனில் ஒன்பது பேர். ஏழு பேர் படுத்தோம். டாக்டர் இல்லை. பஸ்ராவிலிருந்து வந்த சரக்கு ரயிலில் மருந்துப் பெட்டியோடு ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். பெட்டியை இறக்கிவிட்டு அதே ரயிலில் மேலே போக வேண்டியவர். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். ரயில் போயிற்று, அவர் போகவில்லை.

பாக்தாத் யூதர். பெயர் எஸ்ரா. பம்பாயில் மூன்று வருஷம் இருந்ததால் இந்துஸ்தானி தெரியும். பதினோரு நாள் எங்களுக்கு வாய் துடைத்து, மலம் அள்ளி, கஞ்சி ஊட்டினார். லைன் காவல்காரர் ஹமூத் என்ற அரபிக்காரர் தினமும் சதுப்பு நிலத்திலிருந்து எருமைப்பால் கொண்டுவருவார். இவர் காய்ச்சுவார். சனிக்கிழமை அவர்கள் நெருப்பு மூட்டக் கூடாதாம். அன்றைக்கும் மூட்டினார். ஹமூத் கேட்டதற்கு, உயிர் போகிற இடத்தில் மூட்டாமல் இருந்தால்தான் பாவம் என்றாராம். மூன்று பேர் செத்தார்கள். நாலு பேர் எழுந்தோம்.

எழுந்து உட்கார்ந்த பிறகு எங்களைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மேட்டைக் காட்டிப் பேசுவார். "எங்க தகப்பன் ஆபிரகாம் இங்கேர்ந்து கிளம்பிப் போனார். ரொம்ப காலம் கழிச்சு, எருசலேம்ல எங்க கோயில இடிச்சு, எங்களக் கைதியா இதே நாட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தாங்க. பாரசீக ராஜா வந்து போகலாம்னார். பாதிப்பேர் போனாங்க. நாங்க இருந்துட்டோம். ரெண்டாயிரத்தைந்நூறு வருஷமா இங்கதான் இருக்கோம்."

அவர் ரயிலேறும்போது பிளாட்பாரத்தில் நின்றேன். சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை, இந்துஸ்தானியில் நன்றி: ஷுக்ரியா. 'ஷு' என்று உதடு கூடியது, 'க்ரியா' வரவில்லை. வாயைத் திறந்தபடி நான் நிற்க ரயில் போய்விட்டது.

வள்ளியம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. மூன்று மாதம் கடிதம் போடாததற்கு வேலை அதிகம் என்று எழுதினேன். அவள் போகாதே என்று சொன்ன இடத்தில் சாகக் கிடந்தேன் என்று எப்படி எழுதுவது?

28-4-1929

இருபத்திரண்டு பக்கம் எழுதியாயிற்று. மாசிலாமணி வாசித்துப் பார்த்தான். களிமண் பலகைகளில் ஒரு வெள்ளக் கதை இருக்கிறது, படகு, புறா, காகம் எல்லாம் அதிலும் வருகிறது, மோசே காலத்துக்கும் முந்தியது என்று நான் எழுதிய இடத்தில் நின்றுவிட்டான்.

"இத நான் வாசிக்கணுமா?"

"வே... வேண்டாம்னா எடுத்துடுறேன்."

யோசித்தான். "உண்மையா?"

"அந்தப் பேப்பர்லயும் இருக்கு. வாசகசாலை இங்கிலீஷ் புத்தகத்துலயும் படிச்சேன்."

"அப்ப இருக்கட்டும். வெள்ளம் வந்துச்சுன்னு ரெண்டு பேரு சொன்னா சாட்சி கூடுது, கொறையல." ஆனாலும் அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி ஒரு தடவை படித்துவிட்டுத்தான் திருப்பித் தந்தான்.

3-5-1929, வெள்ளி

நோட்டீஸ் வந்துவிட்டது. சிவப்புக் காகிதம். பாசாரில், ஸ்டேஷன் சுவரில், பள்ளிவாசல் தெருவில், எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கிறார்கள்.

"ஆபிரகாம் தமிழரே. ஊர் என்பது தமிழர் கட்டிய நகரம். யூத, கிறிஸ்தவ, மகமதிய மதங்கள் மூன்றும் நம்மிடமிருந்தே பிறந்தவை. நேரில் கண்ட சாட்சி திரு. பக்கிரிசாமி பேசுகிறார்."

நான் சொல்லலியே. நான் ஒரு வார்த்தை இப்படிச் சொல்லலியே. இருபத்திரண்டு பக்கத்துல எங்க இருக்கு இது? யாரு கேட்டா இந்தச் சபாபதிய? என் பேரப் போட்டு. என் பேர...

4-5-1929

மீரான் பாய் கடைக்குப் போனேன். ஆட்கள் நின்றார்கள். எனக்கு முன்னால் வந்தவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் சாமான் கட்டினார். என்னைப் பார்க்கவில்லை. கடைசியில், "என்ன வேணும்?" என்றார். அண்ணே என்று சொல்லவில்லை. விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். 'ந' என்ற எழுத்திலேயே நின்றது. நான் எழுதவில்லை என்று சொல்வதற்குள் எத்தனை 'ந'. பின்னால் ஒருவன், "தமிழ் நபியோட சிநேகிதரா," என்றான். சிரித்தார்கள். மீரான் பாய் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் தாங்கவில்லை.

5-5-1929, ஞாயிறு

கோயில் முடிந்து மாசிலாமணி நேரே இங்கே வந்தான். உட்காரவில்லை. அந்தக் கூட்டத்துக்குச் சபையார் யாரும் போகக் கூடாது என்று உபதேசியார் சொல்லிவிட்டாராம்.

"நான் வாசிக்க முடியாது அண்ணாச்சி. நீங்க எழுதலன்னு எனக்குத் தெரியும். நான்தானே படிச்சேன். அதச் சொன்னேன், கேக்க மாட்டேங்காவ. எனக்கு இங்க பிள்ளைக இருக்கு, கல்யாணம் காச்சி எல்லாம் அங்கதான் நடக்கணும்."

அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு பக்கத்தையும் மேசையில் வைத்துவிட்டுப் போனான். ஓரம் மடங்காமல் துணியில் சுற்றி வைத்திருந்தான்.

8-5-1929, புதன்

சபாபதி வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

"நோட்டீச மா... மாத்தணும். பொய்."

"எது பொய்? ஊர் தமிழ்தானே? யூதருங்க தகப்பன அப்பான்னு கூப்பிடுறாங்கன்னு நீங்கதானே அன்னிக்குச் சொன்னீங்க?"

"யூதர் பாஷையில 'அப்பா'. அரபியில 'அபூ'. எ... எந்தப் பாஷைப் பிள்ளையும் உதட்டச் சேத்துத் திறந்தா வர்ற சத்தம் அது. அத வெச்சு ஒரு நாட்டையே எழுதி வாங்கிக்க முடியுமா?"

"நம்ம ஜனத்துக்கு இங்க என்ன மரியாத இருக்கு, சொல்லுங்க. கூலின்றான். கிளிங்கன்னு ஏசுறான். ஒரு நாள், ஒரே நாள் தலை நிமிந்து உக்காரட்டுமேன்னு பார்த்தேன்."

சொல்லிவிட்டு நோட்டீஸை மடித்து வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. ரப்பர் தோட்டத்தில் கங்காணியிடம் அடி வாங்கிய தகப்பனின் மகன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும்.

"அடுத்தவங்க தகப்பனத் தி... திருடி நிமிர வேண்டாம்," என்றேன்.

கூட்டத்தை நிறுத்திவிடலாம் என்றார். வேண்டாம், நிறுத்தினால் நோட்டீஸ் சொன்னதுதான் நிற்கும். நானே பேசுகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

11-5-1929

இருபத்திரண்டு பக்கத்தையும் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வள்ளியம்மா, "திக்குனா திக்கட்டும், யாருக்கு என்ன அவசரம்," என்றாள்.

12-5-1929, ஞாயிறு

முடிந்தது. மறப்பதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

வாசகசாலை நிறைந்து வெளியிலும் நின்றார்கள். பள்ளிவாசல் தெரு ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கைகட்டிக்கொண்டு பின்சுவரில் சாய்ந்திருந்தார்கள். கேட்க வந்தவர்கள் இல்லை. அவர்களுக்கு நடுவில் மீரான் பாய்.

எழுந்தேன். முதல் வார்த்தைக்கு எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. யாரோ இருமினார்கள். பிறகு வந்தது: "அந்த நோட்டீஸ் பொ... பொய். ஆபிரகாம் தமிழர் இல்லை. அந்தப் பட்டணத்த நாம கட்டல. யார் கட்டினாங்கன்னு எனக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்றேன்."

பின்சுவரில் கட்டியிருந்த கைகள் சில இறங்கின.

சொன்னேன். சுமேரியர் என்ற ஜனம். அவர்கள் பாஷை பேச இன்று உலகத்தில் ஒருவரும் இல்லை. கல் கிடையாது, மரம் கிடையாது, சேறு மட்டும் உண்டு. அந்தச் சேற்றில் செங்கல் அறுத்துக் கோயில் கட்டினார்கள். அதே சேற்றைத் தட்டிப் பலகையாக்கி நாணல் குச்சியால் எழுதினார்கள். செங்கல் சூளையால் பேர் வாங்கிய இடத்தில் இருக்கிறோம், நமக்கு இது புரியும் என்றேன். அதற்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பிறகு பாபிலோன் ராஜாக்கள், கல்லில் வெட்டிய சட்டங்கள். அந்த நாட்டிலிருந்து ஒரு குடும்பம் ஆடுமாடுகளோடு மேற்கே போனதாக மூன்று வேதக்காரர்களும் சொல்கிறார்கள். அதைத் தோண்டி எடுத்துக் காட்ட யாராலும் முடியவில்லை, பட்டணத்தை மட்டும் காட்ட முடியும் என்றேன். மூத்த மகன் வழி என்று அரபிக்காரர்கள், இளைய மகன் வழி என்று யூதர்கள், அந்த யூதர்களில் பிறந்தவர் ஏசு. மூன்று கிளைக்கும் அந்தத் தகப்பன் ஒருவர்தான்.

எருசலேம் கோயில் இடிந்து கைதிகளாகப் பாபிலோனுக்கு வந்த கதையைச் சொன்னபோது வெளியில் நின்றவர்கள் வாசலுக்கு நெருங்கினார்கள். கோயில் இல்லாத ஊரில் எப்படிக் கும்பிடுவது என்று அவர்கள் யோசித்தார்கள். கூடி உட்கார்ந்தார்கள், பழசை நினைவுபடுத்திச் சொன்னார்கள், எழுதிவைத்துக்கொண்டார்கள். இன்று மூன்று மார்க்கத்தாரும் வேதத்தை விரித்து வாசிக்கும் பழக்கம் அங்கே வேர் பிடித்தது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். முன்வரிசையில் ஒரு முதியவர், எஸ்டேட்டிலிருந்து வந்தவர், துண்டால் கண்ணைத் துடைத்தார். கப்பலேறி வந்த இடத்தில் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு மாரியம்மா என்று கூப்பிட்டவர்களுக்கு அதற்கு மேல் நான் என்ன விளக்குவது?

அப்புறம் எழுதாத ஒன்றைச் சொன்னேன். எஸ்ராவைச் சொன்னேன். ஏழு பேர், பதினோரு நாள், எருமைப்பால், சனிக்கிழமை நெருப்பு. பிளாட்பாரத்தில் வராத வார்த்தையையும் சொன்னேன். அந்த இடத்தில் சுத்தமாக அடைத்துக்கொண்டது. காத்திருந்தார்கள். ஒருத்தர்கூட எனக்காக முடித்துச் சொல்ல முயலவில்லை. இருநூறு பேர் ஒரு திக்குவாயனுக்காகச் சும்மா காத்திருந்தார்கள். இதை நான் சாகும்வரை மறக்கக் கூடாது.

வாசலில் மாசிலாமணி நின்றதை அப்போதுதான் பார்த்தேன். டூட்டி உடுப்போடு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.

சபாபதி எழுந்து, நோட்டீஸ் தன்னுடைய பிழை என்று சொன்னார். அவ்வளவு பேருக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்குமா என்று தெரியவில்லை.

13-5-1929

பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக மாசிலாமணி பெண்சாதி வள்ளியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

14-5-1929

வள்ளியம்மா பேசவில்லை. சாப்பாடு போடுகிறாள். பேசவில்லை.

20-5-1929, திங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள். மத்தியானம் மீரான் பாய் புதுச் சட்டையில் வந்தார், கையில் பிரியாணிச் சட்டி. வாசலிலேயே நின்றார்.

"அன்னிக்குக் கடையில ஒங்களப் பேசவே விடல. ரெண்டு வாரமா அது நெஞ்சுல உறுத்திக்கிட்டே இருக்கு அண்ணே."

"உள்ள வாங்க பாய்."

"நம்ம நாகூர் தர்கா எசமான்கிட்ட ஒங்கம்மா வேண்டி வெச்ச பேரு ஒங்க பேரு. பக்கிரின்னு பேரு உள்ள ஆளு நம்ம நபியப் பத்தித் தப்பாச் சொல்வாரான்னு எனக்கே தோணிருக்கணும்."

இன்று அவர்கள் வீட்டில் இப்ராஹிம் நபியின் தியாகத்தை நினைக்கும் நாள். அந்தப் பேருக்காக என்னைத் தள்ளி வைத்தவர், அந்தப் பேருக்கான நாளில் என்னைத் தேடி வந்திருக்கிறார். மாசிலாமணியையும் கூப்பிட்டோம். மூவரும் பழையபடி ஒரே பாயில்.

மீரான் பாயின் தம்பி பினாங்கில் ஜவுளி வியாபாரம். அங்கே பாக்தாத் யூதர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்களாம். "ஒங்க எஸ்ராவத் தேடிப் பாக்கச் சொல்றேன். பாக்தாத்காரங்க ஒருத்தர விட்டு ஒருத்தர் போக மாட்டாங்க, எங்காளுங்க மாதிரிதான்," என்றார்.

வள்ளியம்மா அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

26-5-1929

இன்று பேசினாள். துணி மடித்துக்கொண்டே.

"பத்து வருஷம். ஊரே தெரிஞ்சிக்கிச்சு. நான் ஜன்னல் வழியாத் தெரிஞ்சிக்கிறேன்."

"நீ வே... வேண்டாம்னு சொன்ன. கேக்காமப் போனேன். அதான்."

"அந்த மூணு மாசம் தினம் தபால் ஆபீசு வாசல்ல போயி நின்னேன், தெரியுமா? இடுப்புல கொழந்தைய வெச்சிக்கிட்டு. தபால்காரரு தூரத்துல வரும்போதே கைய விரிப்பாரு. அவரு கிட்ட வந்து சொல்றதுக்குள்ள நான் திரும்பி நடந்துடுவேன்."

தெரியாது. எனக்கு அது தெரியாது. நானும் மறைத்தேன், அவளும் மறைத்தாள். அவள் மடித்த வேட்டியை வாங்கி நான் அடுக்கினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

30-6-1929

வாசகசாலையில் இன்று மாசிலாமணி எருசலேம் நகரத்தைப் பற்றிப் பேசினான். உபதேசியாரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அடுத்த மாதம் மீரான் பாய், மக்காவுக்குப் போன ஒட்டக வியாபாரிகளைப் பற்றி. இப்போதே பயத்தில் இருக்கிறார். நோட்டீஸை இனி மூன்று பேர் படித்துப் பார்த்த பிறகுதான் அச்சுக்குக் கொடுப்பதாகச் சபாபதி ஏற்பாடு செய்திருக்கிறார்.

15-8-1929, வியாழன்

பினாங்கிலிருந்து தகவல் ரங்கூனுக்குப் போய், ரங்கூனிலிருந்து எனக்கே நேராகக் கடிதம் வந்துவிட்டது. எஸ்ரா உயிரோடு இருக்கிறார். அங்கே அரிசி ஆலை ஒன்றில் கணக்கெழுதுகிறார். நடுங்குகிற கையெழுத்து, இங்கிலீஷில்.

எனக்குப் புரிந்தபடி: "ஐயா, உங்கள் பேச்சைப் பற்றிப் பினாங்கு நண்பர்கள் எழுதினார்கள். மன்னிக்க வேண்டும், உங்களை எனக்கு நினைவில்லை. அந்தக் குளிர்காலத்தில் லைனில் ஆறு ஸ்டேஷனில் இறங்கினேன். ஊர் ஸ்டேஷன் நினைவிருக்கிறது, மேடு நினைவிருக்கிறது, புதைத்த மூன்று பேரின் முகம் நினைவிருக்கிறது. பிழைத்தவர்கள் முகம் மறந்துவிட்டது. பிழைத்தவர்களில் ஒருவர் இருக்கிறார் என்று கேட்பது எனக்குப் பெரிய ஆறுதல். நான் சரியாகப் பார்க்கவில்லையோ, இன்னும் சிலரைக் காப்பாற்றியிருக்கலாமோ என்று அடிக்கடி நினைப்பேன்."

மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்ததும் மடித்து வைத்துவிட்டேன். பத்து வருஷமாக இவரைச் சுமக்கிறேன், இவருக்கு நான் யாரென்றே தெரியாது. மூன்றாம் தடவைதான் கடைசி வரி கண்ணில் பட்டது. அந்த மனிதர் பத்து வருஷமாகச் செத்தவர்களை அல்லவா சுமந்திருக்கிறார்? என்னை யாரென்று தெரிந்து அவர் கஞ்சி ஊட்டவில்லை. தெரியாமல்தான் ஊட்டினார். அதற்கு நான் எப்படி மனத்தாங்கல் படுவேன்?

18-8-1929, ஞாயிறு

பதில் எழுத உட்கார்ந்தேன். மற்றவர்களைப் பற்றியும் தெரிந்ததை எழுதினேன்: பிழைத்த நாலு பேரில் ஒருவர் திருச்சிராப்பள்ளியில் ஸ்டேஷன் மாஸ்டர், ஒருவர் பஞ்சாப் திரும்பினார், ஒருவரைப் பற்றித் தெரியாது, நான் இங்கே. நீங்கள் சரியாகத்தான் பார்த்தீர்கள், மருந்தே இல்லாத நோய் அது என்று எழுதினேன். வராமல் போன வார்த்தையையும் எழுதினேன். எழுத்தில் திக்குவதில்லை.

வள்ளியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டாள். வரி வரியாகத் தமிழில் சொன்னேன். எங்கெங்கே நின்றேனோ அங்கெல்லாம் காத்திருந்தாள்.

"நானும் ஒண்ணு எழுதணும்," என்றாள்.

"சொல்லு."

அவளுக்கு எழுத வராது. என் கையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தாள். மன்னார்குடிக்காரி, பேச்சில் யாருக்கும் அடங்காதவள், ஒரே ஒரு வரிக்கு இவ்வளவு யோசித்து நான் பார்த்ததில்லை.

"எழுதுங்க. என் வீட்டுக்காரரு வீடு வந்து சேந்துட்டாருன்னு."

எழுதினேன்.